குறிப்புக் கட்டம் எங்கே?

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது புத்தகம் இல்லை, சினிமாவும் இல்லை. ஒரு ஃபைல். வெளியீட்டு விழா நடக்காதது. அட்டைப்படம் கிடையாது. பின்னட்டையில் யாரும் ‘தமிழுக்கு வந்த கொடை’ என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனாலும் திருநெல்வேலிச் சீமையில் மட்டும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் இலவசமாகவே போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்களில் அநேகம் பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்ம ஊர் கவிதைத் தொகுப்புகளோடு ஒப்பிடலாம்.

ஃபைலின் விலாசம் இது: /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ். டெபியன், உபுண்டு, நம்ம சென்னை சி-டாக் தயாரித்து 2007-ல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் என்று அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எந்த கம்ப்யூட்டரிலும் இது இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் விக்கிரமசிங்கபுரத்துப் பெண்ணுக்கும் இந்த ஃபைல் வந்து சேர்ந்தது அப்படித்தான். லேப்டாப் கைக்கு வந்ததும் முதல் காரியமாக பாஸை அழித்துவிட்டு சினிமாவுக்கு இடம் பண்ணியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அல்லவா வைத்திருப்பார்கள்?

என்ன இருக்கிறது? கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒரு பதிவேடு உண்டு. சர்வே நம்பர், பரப்பு, யார் பேரில், என்ன பயிர், எந்தக் கால்வாய்த் தண்ணீர் என்று ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வரி ஓடும். இந்த ஃபைல் கம்ப்யூட்டரின் அடங்கல். மெஷினில் இறங்கியிருக்கும் ஒவ்வொரு சாஃப்ட்வேர் பொட்டலத்துக்கும், அதாவது பேக்கேஜுக்கும், ஒரு பத்தி. பெயர், பதிப்பு எண், பிடிக்கும் இடம், பராமரிக்கும் ஆள், அவருடைய இமெயில், வேறு எந்தெந்தப் பேக்கேஜ் இருந்தால்தான் இது ஓடும் என்ற பட்டியல், கடைசியில் ‘இது இன்னதுக்கு’ என்று நாலு வரி. ஒரு மேஜை கம்ப்யூட்டரில் ஆயிரம் பத்திகளுக்கு மேல் சர்வசாதாரணமாக இருக்கும். அச்சடித்தால் தலையணை சைஸ் நாவல்.

ஒவ்வொரு பத்தியிலும் ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி வரும். மூன்றே சொல்: ‘இன்ஸ்டால் ஓகே இன்ஸ்டால்டு’. முதல் சொல் நீங்கள் என்ன விரும்பினீர்கள் என்பது. இரண்டாவது, கோளாறு எதுவும் உண்டா என்பது. மூன்றாவது, நிஜத்தில் இப்போது என்ன நிலைமை என்பது. ‘வேண்டும், சௌக்கியம், இருக்கிறது.’ பழைய இன்லேண்ட் லெட்டரில் எழுதுவோமே, அந்தத் தொனி. ஆசைக்கு ஒரு கட்டமும் நிலவரத்துக்கு ஒரு கட்டமும் தனித்தனியாக ஒதுக்கிய கணக்கு வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். ரேஷன் கார்டில்கூட இல்லை.

டெபியனை இயான் முர்டாக் 1993-ல் ஆரம்பித்தார். டிபிகேஜி என்கிற இந்தக் கணக்குப்பிள்ளையை இன்னொரு இயான், இயான் ஜாக்சன், 1994-ல் சி மொழியில் திருத்தி எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் கணக்கு இன்னமும் சாதாரண எழுத்தில்தான் இருக்கிறது. எந்த எடிட்டரிலும் திறந்து வாசிக்கலாம். பழைய பிரதி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. மெஷின் பாதி செத்துப்போன நிலையிலும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது. இந்த எளிமைக்கு முழு மார்க்.

அந்த நாலு வரி விவரணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுத்து என்று பார்த்தால் அதுதான் இந்த ஃபைலின் உயிர். டெபியன்காரர்கள் இதற்குச் சட்டம் வைத்திருக்கிறார்கள். முதல் வரி எண்பது எழுத்துக்குள் அடங்க வேண்டும். விளம்பர வாசனை கூடாது. பெயரையே திரும்பச் சொல்லி இடத்தை வீணாக்கக் கூடாது. வாசிக்கிறவனுக்கு ‘இது எனக்கு வேண்டுமா’ என்று முடிவுகட்டத் தெரிய வேண்டும். நம்முடைய அணிந்துரைகளுக்கு யாராவது இந்தச் சட்டத்தைப் போட்டால் பாதிப் புத்தகங்கள் முன்னுரை இல்லாமலே வெளிவரும்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர் இருக்கும் பக்கத்தை அவர்கள் அப்ஸ்ட்ரீம் என்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். தாமிரபரணிக்காரர்களுக்கு வேண்டாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் ஆற்றுக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலும் தண்ணீர் பிரிகிறது. அரியநாயகிபுரத்தில் கோடகன் கால், பழவூரில் பாளையங்கால், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய். கடைமடையில் நிற்கிறவன் மடையைப் பார்த்துப் பேசமாட்டான், தலைப்பக்கம் என்ன நடக்கிறது என்றுதான் கேட்பான்.

சாஃப்ட்வேரும் அப்படித்தான் வருகிறது. எங்கேயோ ஃபின்லாந்திலோ பிரேசிலிலோ ஒருத்தர் எழுதுகிறார். டெபியன் என்கிற அணைக்கட்டில் ஒரு பராமரிப்பாளர் அதை வாங்கி, சரிபார்த்து, பொட்டலம் கட்டி, தன் பேரைப் போட்டு விடுகிறார். அங்கிருந்து சென்னையில் பாஸ் என்று இன்னொரு மதகு. அதற்கப்புறம்தான் கடைமடையான உங்கள் லேப்டாப். ஸ்டேட்டஸ் ஃபைலில் இருக்கிற மெயின்டெய்னர் என்ற கட்டம் அணைக்கட்டு ஆள் யார் என்று சொல்கிறது. ஹோம்பேஜ் என்ற கட்டம் தலைப்பக்கம் எது என்று சொல்கிறது. தண்ணீர் கலங்கினால் யாரிடம் போய் நிற்பது என்பது எழுத்தில் இருக்கிறது.

கலங்கியது, நிஜமாகவே. 2024 மார்ச் 29. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்கிற மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர், தன் மெஷினில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை செகண்ட் கூட ஆகிறதே என்று நோண்டப்போனார். எக்ஸ்-இஸட் என்கிற, ஃபைல்களைச் சுருக்கிக்கொடுக்கும் சாதுவான பேக்கேஜில் போய் அது முடிந்தது. அதை ஃபின்லாந்துக்காரர் ஒருவர் ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாகக் கூடமாட உதவி, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளர் நாற்காலியில் பங்கும் வாங்கிக்கொண்டார். 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் பின்வாசல் ஒன்றை வைத்து அனுப்பினார். ஊற்றுக் கண்ணிலேயே விஷம். உலகத்து சர்வர்களில் பெரும்பகுதிக்கு அது போய்ச் சேர வேண்டியது. அரை செகண்டைப் பொறுக்காத ஒரு மனுஷனால் தப்பித்தோம்.

அன்றைக்கு ராத்திரி உலகம் முழுக்க கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘என் மெஷினில் எந்தப் பதிப்பு?’ அதற்குப் பதில் கறுப்புத் திரையில் ஒரே வரி: ‘டிபிகேஜி மைனஸ் எல் எக்ஸ்இஸட்-யூட்டில்ஸ்’. தட்டினால் ஒரு வரியில் பதிப்பு எண் வந்துவிடும். பெரும்பாலோர் பெருமூச்சு விட்டுத் தூங்கப் போனார்கள். டெபியனின் நிலையான பதிப்புக்கு விஷம் வந்து சேரவில்லை. பரீட்சார்த்தப் பதிப்புகளில் மட்டும் வந்திருந்தது.

அந்தப் பரீட்சார்த்த மெஷின்களுக்கு டெபியன் அனுப்பிய மாற்று மருந்தின் பதிப்பு எண்தான் இந்த ஃபைலில் நான் வாசித்த மிகச் சிறந்த வரி: ‘5.6.1+ரியலி5.4.5-1’. பதிப்பு எண் எப்போதும் ஏறத்தான் வேண்டும், இறங்கக் கூடாது என்பது விதி. இறங்கினால் மெஷின் அதைப் புதுசு என்று ஏற்றுக்கொள்ளாது. ஆனால் கொடுக்க வேண்டியதோ பழைய, சுத்தமான 5.4.5. ஆகவே, ‘பேருக்கு 5.6.1, உண்மையிலே 5.4.5’ என்று எழுதினார்கள். அந்த ‘உண்மையிலே’ என்ற ஒரு சொல்லுக்குள் மொத்தக் கதையும் இருக்கிறது. கட்டத்துக்குள் எழுத இடமில்லாதபோது மனுஷன் எங்கேயாவது ஓரத்தில் எழுதத்தான் பார்ப்பான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய புகாரும் அதைப் பற்றியதுதான்.

பாராட்டு போதும். குறைகளுக்கு வருவோம்.

சின்னக் குறைகள் முதலில். ‘டிபிகேஜி மைனஸ் எல்’ என்று தட்டினால் வரும் பட்டியலின் இடது ஓரத்தில் ‘ஐஐ’, ‘ஆர்சி’, ‘ஹெச்ஐ’ என்று மந்திரம் மாதிரி இரண்டெழுத்துகள். விளக்கம் பட்டியலின் தலையில் இருக்கிறது, ஆனால் ஆயிரம் வரி ஓடினபிறகு தலை எங்கே தெரியும்? ‘ஆர்சி’ என்றால் பேக்கேஜ் போய்விட்டது, அதன் அமைப்பு ஃபைல்கள் மட்டும் தங்கியிருக்கின்றன என்று அர்த்தம். குடித்தனக்காரர் காலி பண்ணிவிட்டு பீரோவை மட்டும் விட்டுப்போன மாதிரி. நீளமான பெயர் என்றால் திரையின் அகலத்துக்கு ஏற்றபடி கழுத்தை வெட்டிவிடுகிறது. ஒரு விவரத்துக்கு டிபிகேஜி, இன்னொன்றுக்கு டிபிகேஜி-க்வெரி, மற்றொன்றுக்கு ஆப்ட்-மார்க், வேறொன்றுக்கு ஆப்ட்-கேஷ். தாலுகா ஆபீஸில் ஜன்னல் ஜன்னலாக அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை.

கொஞ்சம் பெரிய குறை, தேதி இல்லை. ஒரு பேக்கேஜ் என்றைக்கு இறங்கியது என்று இந்த அடங்கலில் எழுதுவதில்லை. லாக் ஃபைல்களைத் தேடிப்போக வேண்டும், அவையோ சுழற்சியில் பழசாகி ஒருநாள் அழிந்துவிடும். எதிர்க் கட்சியான ஆர்பிஎம்மில் இது உண்டு. சி.உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த 2000-களின் நடுவில் அங்கே சூசே லினக்ஸுக்கு மாறினார்கள் அல்லவா, அந்த சூசே ஆர்பிஎம் குடும்பம். ‘ஆர்பிஎம் மைனஸ் க்யூஏ’ என்று போட்டு, கூட ‘லாஸ்ட்’ என்று சேர்த்தால், என்றைக்கு எது வந்தது என்று கடைசியில் வந்தது முதலாக வரிசை கட்டிச் சொல்லும். ஆனால் அதன் கணக்கு டேட்டாபேஸுக்குள் பூட்டியிருக்கிறது, கண்ணால் வாசிக்க முடியாது. கெட்டுப்போனால் மறுகட்டு கட்ட ஒரு தனிக் கமாண்டே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை தடவை கெட்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இரண்டில் எது என்றால் என் ஓட்டு, தேதி இல்லாவிட்டாலும், வாசிக்க முடிகிற கணக்குக்கே.

இப்போது பெரிய குறை. கிராம அடங்கலில் கடைசியாகக் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘கிணறு தூர்ந்துவிட்டது’, ‘வழக்கு நடக்கிறது’ என்று எழுதுவதற்கு. டிபிகேஜியில் அது இல்லை. என்ன, எங்கிருந்து, எவ்வளவு, எதை நம்பி என்பதெல்லாம் இருக்கிறது. ஏன் என்பது மட்டும் இல்லை.

இருக்கிறது என்று வாதாடுவார்கள். ஆப்ட்-மார்க் என்ற கமாண்ட் ஒவ்வொரு பேக்கேஜையும் ‘மேனுவல்’, ‘ஆட்டோ’ என்று பிரித்து வைத்திருக்கிறது. நீங்களாகக் கேட்டு வாங்கியது மேனுவல். வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஆட்டோ. மாப்பிள்ளை வீட்டாரும் அவர்களோடு வந்தவர்களும் மாதிரி. முக்கியஸ்தர் கிளம்பிவிட்டால் கூட வந்தவர்களை ‘ஆட்டோரிமூவ்’ என்று வழியனுப்பிவிடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் புதுசாகப் போட்ட உபுண்டுவில் ‘ஷோமேன்யுவல்’ என்று கேட்டுப் பாருங்கள், நீங்கள் ஜென்மத்தில் கேட்டிராத பேர்கள் எல்லாம் ‘நீங்கள் கேட்டது’ என்று வரும். ‘ஆப்டிட்யூட் வொய்’ என்று இன்னொன்று. ஏன் என்றே பெயர். அதுவும் இன்னார் வந்ததால் இவர் வந்தார் என்று வம்சாவளி சொல்லுமே தவிர, முதல் ஆளை எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று சொல்லாது. அது மெஷினுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்கும் ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்றால், ஒரு ஆபீஸ் கதை சொல்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம், பெயர் வேண்டாம். ஜனங்களின் மனுக்களும் பென்ஷன் விவரமும் ஏறிக்கொண்டிருந்த ஒரு லினக்ஸ் மெஷின். நாலு வருஷமாக ஒரு அப்டேட்கூடப் போகவில்லை. பிரௌசர் அதரப் பழசு. தெரிந்த ஓட்டை எல்லாம் திறந்து கிடக்கிறது. ஏன் என்று டைப்பிஸ்ட் அம்மாளிடம் கேட்டேன்.

‘‘முன்னால ஒரு தம்பி இருந்தான் சார். நல்ல பிள்ளை. வேலை கிடைச்சு மெட்ராஸுக்குப் போயிட்டான். போகும்போது, ‘யக்கா, இதுல ஒண்ணை நிறுத்தி வச்சிருக்கேன், அதை மட்டும் தொட்டுராதிய’ன்னு சொல்லிட்டுப் போனான். எதைன்னு எனக்குத் தெரியல. அதான் நாங்க எதையுமே தொடுறதில்ல.’’

ஒன்றைத் தொடாதே என்றது, வாய்வழியாக நாலு வருஷம் உருண்டு, எதையும் தொடாதே என்று ஆகியிருந்தது. எல்லாச் சம்பிரதாயமும் இப்படித்தான் பிறக்கிறது போலிருக்கிறது.

‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ என்று தட்டினேன். ஒரே பெயர் வந்தது: எம்17என்-டிபி. பல மொழி விசைப்பலகை அமைப்புகளை வைத்திருக்கிற பேக்கேஜ். தமிழ்99, டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் அதற்குள்தான். இதைப் போய் எதற்கு நிறுத்தி வைக்க வேண்டும்? குறிப்புக் கட்டம் இல்லை, ஆகவே துப்பறிய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பேக்கேஜின் ஃபைல்களுக்கும் கைரேகை மாதிரி ஒரு எண் பதிவாகியிருக்கும். ‘டிபிகேஜி வெரிஃபை’ என்றால் இப்போது இருக்கும் ஃபைலோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தியில் கிராமக் கணக்கை வைத்துச் சரிபார்ப்பார்களே, அது மாதிரி. மாறியிருந்தால் கேள்விக்குறிகளுக்கு நடுவில் ‘5’ என்று ஒரு எண்ணைப் போட்டு ஃபைல் பெயரைச் சொல்லும். சொன்னது. தமிழ் டைப்ரைட்டர் அமைப்பு ஃபைல் கையால் திருத்தப்பட்டிருந்தது.

விஷயம் விளங்கிவிட்டது. அந்த அம்மாள் பழைய மெஷினில் டைப்பிங் பாஸ் பண்ணியவர். விரல் போகிற இடத்தில் எழுத்து வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். தம்பி ஒன்றிரண்டு கீயை அவர் விரலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்திருக்கிறான். அடுத்த அப்டேட் வந்தால் தன் திருத்தம் அழிந்துபோகும் என்று தெரிந்து, பேக்கேஜை நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அக்கறையான வேலை. திருத்திய ஃபைலை அந்த அம்மாளின் சொந்த ஃபோல்டருக்குள், எம்17என் தேடிப் பார்க்கிற இடத்தில் ஒரு பிரதி வைத்திருந்தால் நிறுத்தி வைக்கவே தேவையில்லை, அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இப்போது அப்படித்தான் வைத்தோம். ஹோல்டை எடுத்துவிட்டு அப்டேட்டைப் போட்டால், மத்தியானம் ஆரம்பித்தது சாயந்தரம் வரை ஓடியது. அந்த அம்மாள் நடுநடுவே வந்து ஒரு மனுவை டைப் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார், எழுத்து இடம் மாறிவிட்டதா என்று.

அந்தத் தம்பிக்கு எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால் நாலு சொல் போதும். ‘டைப்பிஸ்டுக்காக கீ மாற்றியது, அழிக்காதே.’ நாலு வருஷப் பயம் மிச்சம். 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவியை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. ஆள் மாறினாலும் பதிவேட்டை வாங்கிக்கொண்டு அடுத்த ஆள் வேலையைத் தொடரலாம். கம்ப்யூட்டரில் இன்னும் கணக்குப்பிள்ளையின் தலைக்குள்தான் பாதிக் கணக்கு இருக்கிறது. ஆள் ஊரைவிட்டுப் போனால் கணக்கும் போய்விடுகிறது.

குறிப்புக் கட்டம் வேண்டும் என்று மற்றவர்களுக்கும் தோன்றாமல் இல்லை. ஆப்டிட்யூட்டில் ‘ஆட்-யூசர்-டேக்’ என்று ஒரு வசதி இருக்கிறது. எந்தப் பேக்கேஜிலும் நம் இஷ்டத்துக்கு ஒரு லேபிள் ஒட்டலாம், பிறகு லேபிளை வைத்துத் தேடலாம். கெட்டிக்கார யோசனை. சங்கடம், அந்த லேபிள் ஆப்டிட்யூட்டின் சொந்த நோட்டில் இருக்கிறது. எல்லாரும் அன்றாடம் புழங்கும் ஆப்ட் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு கணக்கு. ஃபெடோரா பக்கத்து டிஎன்எஃப்பில் வேலை செய்யும்போதே ‘காமெண்ட்’ என்று ஒரு வாக்கியம் எழுதலாம். அது அன்றைய நடவடிக்கையோடு ஒட்டிக்கொள்ளும், பேக்கேஜோடு ஒட்டாது. பத்து பேக்கேஜ் சேர்த்துப் போட்டால் பத்துக்கும் ஒரே காரணம்.

இதைச் சரியாகச் செய்திருப்பவர்கள் ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள். லினக்ஸ் இல்லை, பங்காளி வீடு. அங்கே ‘பிகேஜி அனோடேட்’ என்று ஒரு கமாண்ட். இன்ஸ்டால் ஆகியிருக்கும் எந்தப் பேக்கேஜுக்கும் ஒரு தலைப்பும் அதற்கு எதிரே ஒரு சேதியும் எழுதலாம், திருத்தலாம், அழிக்கலாம். மெயின் கணக்கிலேயே ஏறுகிறது. கேட்டால் பேக்கேஜ் விவரத்தோடு சேர்ந்து வருகிறது. எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை மெஷினே அதே இடத்தில் எழுதி வைக்கிறது. மனுஷனும் மெஷினும் ஒரே ஓரத்தில் எழுதுகிறார்கள். டெபியன்காரர்கள் வெட்கப்படாமல் காப்பியடிக்கலாம். யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அடங்கலுக்கே வராமல் உள்ளே நுழைவது வேறொரு தலைவலி. ஏதோ ஒரு வலைத்தளத்தில் ‘இந்த ஒரு வரியை ஒட்டி என்டர் தட்டு’ என்று சொல்வார்கள், தட்டுவோம், சாஃப்ட்வேர் இறங்கிவிடும், டிபிகேஜிக்கு ஒன்றுமே தெரியாது. ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாய்க் கரையை வெட்டித் தண்ணீர் எடுக்கிற வேலை. பைத்தான்காரர்களின் பிப் இதில் பெரிய கை. 2023-ல் வந்த டெபியன் 12-ல் சிஸ்டத்துக்குள் பிப் நேரடியாகக் கை வைக்க வந்தால் ‘இது வேறொருவர் நிர்வாகத்தில் இருக்கிறது’ என்று தடுத்துவிடுகிறார்கள். நிறைய பேர் திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பதிவுக்கு வராததின் விலை 2021 டிசம்பரில் தெரிந்தது. லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா பொட்டலத்தில் பயங்கர ஓட்டை. எக்ஸ்-இஸட் ராத்திரி மாதிரி ஒரு வரியில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஏனென்றால் அது வேறு வேறு சாஃப்ட்வேர்களின் வயிற்றுக்குள், பொட்டலத்துக்குள் பொட்டலமாக, எந்தக் கணக்கிலும் ஏறாமல் உட்கார்ந்திருந்தது. ‘எங்களிடம் இருக்கிறதா’ என்று கண்டுபிடிக்கவே பெரிய கம்பெனிகள் வாரக்கணக்கில் திணறின. ‘எனக்குத் தெரியாது’ என்பதுதான் அன்றைக்கு உலகத்தின் பொதுவான பதில்.

அதற்கப்புறம்தான் அரசாங்கங்களுக்கு ஞானம் வந்தது. நம் நாட்டின் செர்ட்-இன் 2024 அக்டோபரில் ஒரு வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் சாஃப்ட்வேர் வாங்கும்போது அதற்குள் என்னென்ன உள்பொருள் இருக்கிறது என்ற பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும் என்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில் மைதா, சர்க்கரை என்று போட்டிருக்கிற மாதிரி. நல்லது. ஆனால் நம்ம டெண்டர்களில் இது எப்படி நடக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆயிரம் வரிப் பட்டியலை பிடிஎஃப்பாக வாங்கி, ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி, கட்டி வைத்துவிடுவார்கள். வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டாமா? 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கையைக் கழுவியபோது தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னது. சரியான யோசனை. கங்கைகொண்டானில் எல்காட் ஐடி பூங்கா கட்டுகிற அரசுக்கு, தாலுகாவுக்கு ஒரு ஆளை உட்காரவைத்து ‘டிபிகேஜி’ வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பெரிய செலவா? கட்டடம் திறந்தால் கல்வெட்டு வைக்கலாம், ஆள் பழக்கினால் வைக்க முடியாது. அதுதான் காரணமாக இருக்கும்.

இன்னொரு ஆதங்கம், சுருக்கமாக. டெபியனை இன்ஸ்டால் பண்ணும்போது கேள்விகளைத் தமிழில் கேட்கிறது. யாரோ சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள், அவர்களுக்குக் கும்பிடு. உள்ளே போய் ‘இந்தப் பேக்கேஜ் என்னத்துக்கு’ என்று கேட்டால் மட்டும் பதில் பெரும்பாலும் இங்கிலீஷ். வாசல் வரைக்கும் தமிழ். அந்த எண்பது எழுத்து வரிகளைத் தமிழில் எழுதுவது நல்ல எழுத்துப் பயிற்சி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ அதன் கல்லூரிகளிலோ தமிழ்த் துறையும் கம்ப்யூட்டர் துறையும் ஒரு செமஸ்டர் சேர்ந்து உட்கார்ந்தால் முக்கியமானவற்றை முடித்துவிடலாம். இரண்டு துறையும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தும் பேசிக்கொள்வதில்லை என்றால் அதை நான் தீர்க்க முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் அந்த லேப்டாப் இன்னும் கிடக்கலாம். பேட்டரி போயிருக்கும். சார்ஜரைச் சொருகி ஆன் பண்ணினால் விண்டோஸா பாஸா என்று கேட்கக்கூடும். பாஸைத் தேர்ந்தெடுங்கள். டெர்மினலைத் திறந்து ‘டிபிகேஜி மைனஸ் எல்’ தட்டுங்கள். ஓடி முடிந்ததும் இடது ஓரத்தில் ‘ஆர்சி’ என்று எங்கேயாவது வருகிறதா என்று மேலே தள்ளிப் பாருங்கள். வந்தால், உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் எப்போதோ இதற்குள் நுழைந்து, எதையோ ஒன்றை வேண்டாம் என்று எடுத்திருக்கிறார். யார் என்று சாப்பாட்டு நேரத்தில் விசாரிக்கலாம்.